பாம்புக்குப் பகை உண்டா, பாசம் உண்டா?

பூச்சிமருந்தையும் எலிமருந்தையும் நிறுத்தின நிலத்துக்கு முதலில் தவளை வரும், அப்புறம் பறவை வரும், கூடவே பாம்பும் வரும். முதல் ரெண்டையும் சந்தோஷமாகச் சொல்கிற நண்பர்கள் மூன்றாவதைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். இயற்கை விவசாயத்துக்கு மாற நினைக்கிறவர்கள் கூட்டம் முடிந்து டீ குடிக்கும் நேரத்தில் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கிற கேள்வி இது: "சார், போன வாரம் வரப்புல ஒரு நல்ல பாம்பை அடிச்சோம். பாதி உசுரோட தப்பிச்சுடுச்சு. அது மனசுல வெச்சிருக்குமா?"

அவர்கள் வீட்டுப் பையன்கள் கேட்பது நேர்மாறான கேள்வி. நாகத்தின் படத்துக்கு முத்தம் கொடுக்கிற ஆளைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, "பழகிட்டா ஒண்ணும் பண்ணாதுங்களே?" என்கிறார்கள். அப்பாவுக்குப் பகை பயம், மகனுக்குப் பாச நம்பிக்கை. ரெண்டும் ஒரே கேள்விதான். பாம்புக்கு மனசு என்று ஒன்று இருக்கிறதா? இருந்தால் அதில் என்ன இருக்கிறது? பொழுதுபோகாதவர்கள் பேசுகிற விஷயம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. அப்பாவின் நம்பிக்கை பாம்பைக் கண்ட இடத்தில் தடியைத் தூக்க வைக்கிறது. மகனின் நம்பிக்கை வெறுங்கையோடு பக்கத்தில் போக வைக்கிறது. ரெண்டு பேரும் கடிபடுகிற தூரத்துக்குப் போய்விடுகிறார்கள்.

முதலில் விருப்பத்தையும் உணர்ச்சியையும் பிரித்துப் பார்க்க வேண்டும். நான் வங்கியில் கவுண்டரில் உட்கார்ந்திருந்த காலத்தில் ஒரு பென்ஷன்காரர் மாதாமாதம் என்னிடம்தான் வருவார். பக்கத்துக் கவுண்டர் காலியாக இருந்தாலும் போகமாட்டார். "உங்க மேல பெரியவருக்கு என்ன பாசம்" என்று கூட வேலை செய்தவர்கள் கேலி பேசுவார்கள். ஒரு மாதம் என் தலைக்கு மேலே இருந்த ஃபேன் பழுதாகிவிட்டது. பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் பக்கத்துக் கவுண்டருக்குப் போய்விட்டார். அவருக்கு இருந்தது விருப்பம், காற்று மேல். பாசம் இருந்ததா இல்லையா என்பதை ஃபேன் நின்ற பிறகுதான் சொல்ல முடியும்.

வெளிநாட்டில் வீட்டில் பாம்பு வளர்க்கிறவர்கள் நிறைய. ஆப்பிரிக்காவின் பந்து மலைப்பாம்பு அவர்களுக்குச் செல்லம். பயந்தால் பந்து மாதிரி சுருண்டுகொள்வதால் அந்தப் பெயர். "என் கையில ஏறி வந்து சுருண்டு படுத்துக்குது, என்னை அதுக்குத் தெரியும்" என்பார்கள். பாம்பின் உடம்பு தானாகச் சூடு உண்டாக்கிக்கொள்ளாது. நம்ம உடம்போ எப்போதும் 37 டிகிரி. குளிர்ந்த அறையில் கிடக்கிற பாம்புக்கு நம்ம கை ஒரு கதகதப்பான கிளை. இதுவும் ஃபேன் கதைதான், காற்றுக்குப் பதில் சூடு.

ஆனால் கதை இதோடு முடிந்துவிட்டது என்று சொல்வதும் சரியில்லை. கனடாவின் கியூபெக்கில், லாவல் பல்கலைக்கழகத்தில் மிஷேல் கபனாக் என்று ஒரு உடலியங்கியல் ஆய்வாளர். பாம்புக்கு ஒருவகையில் பங்காளியான இகுவானா ஓணானை வைத்து அவர் செய்த சோதனைகள் பெயர்பெற்றவை. 1998-ல் வெளிவந்த ஒன்றில், கூண்டின் கதகதப்பான பக்கம் சாதாரணத் தீனி. குளிர்ந்த மூலையில் அது ஆசைப்பட்டுத் தின்கிற கீரை. லேசான குளிரில் ஓணான் போய்க் கீரையைத் தின்றுவிட்டு வரும். குளிர் கூடக்கூடப் போவதைக் குறைத்துக்கொண்டது. பசிக்குத்தான் பக்கத்திலேயே தீனி இருக்கிறதே! குளிருக்கும் ருசிக்கும் நடுவே அது கணக்குப் போட்டுப் பார்க்கிறது என்றார் அவர். 2000-ல் வந்த இன்னொன்றில் தவளையையும் ஓணானையும் மெதுவாகக் கையில் எடுத்து நாடித்துடிப்பை அளந்தார்கள். ஓணானுக்குத் துடிப்பு எகிறியது, தவளைக்கு அப்படி ஆகவில்லை. உணர்ச்சி என்பதன் முதல் படி ஊர்வனவற்றில்தான் தொடங்குகிறது என்பது அவர் கட்சி. எல்லாரும் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனாலும் அதன்பிறகு யாரும் "அது வெறும் கயிறு" என்று பேசிவிட முடியவில்லை.

பாம்புகளையே வைத்துச் செய்தது 2020-ல் வந்தது. கனடாவின் வில்ஃப்ரிட் லாரியர் பல்கலைக்கழகத்தில் மார்கன் ஸ்கின்னரும் நோம் மில்லரும் 40 குட்டி கார்ட்டர் பாம்புகளைப் பத்துப் பத்தாகப் பெட்டியில் விட்டு, தலையில் வண்ணப் புள்ளி வைத்து, யார் யாரோடு சேர்கிறது என்று கேமரா வைத்துப் பார்த்தார்கள். நாளைக்கு ரெண்டு தடவை பாம்புகளை வெளியே எடுத்து, பெட்டியைக் கழுவி, இடம் மாற்றிப் போட்டார்கள். வாசனை பிடித்துப் பழைய இடத்துக்குப் போகிறது என்று சொல்லிவிடக் கூடாதே, அதற்காக. மாற்றி மாற்றிப் போட்டும், பழைய கூட்டாளிகளோடேதான் போய்ச் சேர்ந்தன. சிலது துணிச்சலாக வெளியே சுற்றும், சிலது மறைவை விட்டு வராது. அந்தச் சுபாவமும் பாம்புக்குப் பாம்பு வேறு. அதே குழு 2024-ல் பந்து மலைப்பாம்பைப் பார்த்தது. தனிக்கட்டை என்று பேர் எடுத்த ஜாதி அது. ஆளுக்கொரு மறைவிடம் இருந்தும் ஒரே இடத்தில் சேர்ந்து சுருண்டுகிடந்தன.

என்னை யோசிக்க வைத்தது 2023-ல் அமெரிக்காவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வு. வாலை ஆட்டிக் கிலுகிலுக்கும் விரியன் அங்கே உண்டு. அதை ஒரு வாளியில் போட்டு, வாளியைத் தொந்தரவு செய்து, இதயத்துடிப்பை அளந்தார்கள். தனியாக இருந்தால் துடிப்பு எகிறுகிறது. கூட ஒரு தடித்த கயிற்றைப் போட்டாலும் அப்படித்தான். இன்னொரு பாம்பு கூட இருந்தால் எகிறல் குறைகிறது. கயிற்றை வைத்தது நல்ல யோசனை. ஏதோ ஒன்று உடம்பில் படுகிறது என்பதால் வருகிற அமைதியாக இருந்தால் கயிறே போதுமே. கூட்டுக்கு ஆள் இருந்தால் பயம் குறையும் என்பது ராத்திரி மோட்டார் போடத் தனியாகப் போகிற நமக்குத் தெரியாததா?

ஆக, என் தீர்மானம் இது. பயமும் பதற்றமும் பாம்புக்கு உண்டு, அதில் சந்தேகம் வேண்டாம். தன் இனத்தோடு இருக்கும்போது ஏதோ ஒரு நிம்மதி, அதுவும் இருக்கலாம். 2024 ஏப்ரலில் நியூயார்க்கில் பல நாட்டு அறிவியலாளர்கள் கையெழுத்திட்டு வெளியிட்ட அறிக்கை, முதுகெலும்புள்ள எல்லாப் பிராணிகளுக்கும், ஊர்வன உட்பட, உணர்ந்தறியும் அனுபவம் இருக்கக்கூடும் என்பதை மெய்யான சாத்தியமாகவே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. ஆனால் வளர்க்கிறவன் மேல் பாசம்? ஆதாரம் இல்லை. பழக்கினால் பயம் குறைகிறது, அவ்வளவுதான். பயம் குறைந்ததை அன்பு என்று வாசிப்பது நம்ம ஆசை.

அந்த ஆசை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு ஒரு கதை உண்டு, அதில் நம்ம தமிழ்நாட்டு ஆட்களுக்கும் பங்கு. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் வீட்டில் வளர்க்க வாங்கின பர்மிய மலைப்பாம்புகள் பதினைந்து அடிக்கு வளர்ந்ததும், வைத்துக்கொள்ள முடியாமல் சிலர் சதுப்புக்காட்டில் விட்டார்கள், சிலது தப்பியும் போயின. அவை பெருகி, எவர்கிளேட்ஸ் என்கிற அந்தக் காட்டில் முயலையும் ரக்கூனையும் அநேகமாகத் துடைத்துவிட்டன. அவர்களால் கண்டுபிடித்துப் பிடிக்க முடியவில்லை. 2017-ல் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களான மாசி சடையன், வடிவேல் கோபால் ரெண்டு பேரையும் விமானம் ஏற்றிக் கூட்டிப்போனார்கள். போன ரெண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்பு. 2023-ல் ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது நினைவிருக்கும்.

இந்த வியாபாரம் இங்கேயும் வந்துகொண்டிருக்கிறது. 2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு வந்த ஒரு பயணியின் பெட்டிக்குள் 47 மலைப்பாம்புகள் இருந்தன. நம்ம நாட்டுப் பாம்பைப் பிடித்து வைத்திருப்பதோ 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அடித்தாலும் அதே சட்டம்தான்.

இருளர்கள் பாம்பை வைத்துப் பிழைக்கிறவர்கள். 1972 சட்டமும், அதன்பின் வந்த தோல் ஏற்றுமதித் தடையும் தோல் வியாபாரத்தை நிறுத்தியபோது அவர்கள் பிழைப்பு போனது. ராமுலஸ் விட்டேக்கர் முன்கையெடுக்க, 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் உண்டானது. வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குள் அது இருக்கிறது. பாம்பைக் கொல்லாமல் விஷம் எடுத்து, சில வாரத்தில் திரும்பக் காட்டில் விட்டுவிடுவார்கள். அதையே மறுபடி பிடித்துவிடாமல் இருக்க வயிற்றுச் செதிலில் சின்ன அடையாளம். அங்கே பாம்பு இருப்பது மண்பானைக்குள், வாயில் துணி கட்டி. கண்ணாடிப் பெட்டியும் விளக்கும் இல்லை. பானைக்குள் இருட்டு, குளிர்ச்சி, உடம்பைத் தொட்டுக்கொண்டு சுற்றிலும் சுவர். பாம்பு கேட்பது அதுதான். அதற்குப் பாசம் உண்டா என்று விவாதம் பண்ணாமலேயே அதன் விருப்பத்தைப் படித்துவைத்திருக்கிறார்கள். நமக்கும் அந்தப் படிப்புதான் தேவை.

அதற்கு முன்னால் பகை விஷயத்தை முடித்துவிடுவோம். ஒன்றை அடித்தால் ஜோடி தேடிவரும் என்பது ஊர் ஊராக இருக்கிற நம்பிக்கை. 1979-ல் வந்த 'நீயா?' படம் அதை இன்னும் கெட்டிப்படுத்திவிட்டது. அடித்த இடத்தில் இன்னொரு பாம்பு வருவது உண்மையாகவே நடக்கும். பெண் பாம்பின் தோலில் ஒரு வாசனை உண்டு. இணைசேரும் காலத்தில் ஆண் பாம்பு நாக்கை நீட்டி நீட்டி அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டே வரும். அடித்துப்போட்டது பெண்ணாக இருந்தால் வந்தது பழிவாங்க வந்ததல்ல, பெண் பார்க்க வந்தது. இன்னொரு காரணம் அதைவிடச் சாதாரணம். முதல் பாம்பை எந்த எலி கூப்பிட்டதோ அதே எலிதான் ரெண்டாவதையும் கூப்பிடுகிறது. பாம்பை அடித்தோம், எலி வளை அப்படியே இருக்கிறதே.

பாம்புக்கு நினைவே இல்லை என்றும் சொல்லவில்லை. இடம் நினைவிருக்கும். தப்பிக்கிற பொந்து எது என்று பழகிக்கொள்வதை அமெரிக்காவில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஆனால் ஒரு மனுஷனின் முகத்தை ஞாபகம் வைத்து, நாள் கழித்து, வீடு தேடி வருவது வேறு சங்கதி. அப்படி ஒன்று எங்கும் பதிவானதில்லை. அதுவுமில்லாமல் விஷம் பாம்புக்குச் சாப்பாட்டுச் செலவு. விழுங்க முடியாத ஆள் மேல் அதைக் கொட்டுவது நஷ்டக் கணக்கு. நல்ல பாம்பு படம் எடுப்பதும், கண்ணாடி விரியன் குக்கர் மாதிரிச் சீறுவதும், சுருட்டை தன் செதிலைத் தேய்த்து ரம்பம் அறுக்கிற மாதிரிச் சத்தம் போடுவதும் கோபம் இல்லை. "நான் இங்க இருக்கேன், தள்ளிப் போ" என்கிற பயத்தின் சத்தம். தள்ளிப் போனால் அதுவும் போய்விடும்.

கொம்பேறிமூக்கன் ஆளைக் கடித்துவிட்டு, பிணம் எரிகிறதா என்று சுடுகாட்டு மரத்தில் ஏறிப் பார்க்கும் என்பார்கள். அது மரத்தில் ஏறுவது ஓணானுக்காக. நம்மைக் கொல்கிற விஷம் அதனிடம் இல்லை. சாரையும் நாகமும் பிணைந்து ஆடுகிறது என்று துண்டை எறிந்து கும்பிடுவதும் உண்டு. பெரும்பாலும் அது ரெண்டு ஆண் சாரைகள் போடுகிற மல்யுத்தம். தலையைத் தூக்கி ஒன்றை ஒன்று அமுக்கப் பார்க்கும், அநேகமாகக் கடிக்காது. தோற்றது ஒதுங்கிப் போகும். துண்டு அழுக்காகிறதுதான் மிச்சம். புற்றில் பால் ஊற்றுகிற அம்மாக்களிடம் நான் வாதம் பண்ணுவதில்லை. கும்பிடுகிற கை தடி எடுக்காது, அந்த மட்டுக்கும் லாபம். பால் மட்டும் பாம்புக்கு ஆகாது. பிடித்து வைத்துத் தாகத்தில் தவிக்க விட்டுத்தான் பால் குடிக்க வைத்துக் காட்டுகிறார்கள்.

இனி நம்ம நிலத்துக்கு வருவோம். பாம்பின் விருப்பம் மூன்றே: இரை, மறைவு, உடம்புக்கு ஏற்ற சூடு. மூன்றையும் வீட்டிலிருந்து விலக்கி வரப்பில் வைத்தால் பாம்பும் அங்கேதான் இருக்கும். தர்மபுரி மேட்டு நிலத்தில் கல் வரப்புக்குப் பஞ்சமில்லை. சுருட்டைக்கு அது சொந்த வீடு மாதிரி. சாரை எலி வளையைத் தேடி வரும். எலிமருந்து வைக்காத நமக்கு அதுவும் ஆந்தையும்தான் கூலி வாங்காத ஆட்கள். அதனால் ஓரத்துக் கல் வரப்பையும் புற்றையும் கலைக்காதீங்க. வீட்டுச் சுவரை ஒட்டி விறகு அடுக்குவது, கடலைக்கொடிப் போரையும் சோளத்தட்டுப் போரையும் வாசலில் போடுவது, ராகி மூட்டையைத் தரையில் வைத்து எலிக்கு வழி விடுவது, இதையெல்லாம்தான் மாற்ற வேண்டும். போர் வீட்டிலிருந்து ஐம்பதடியாவது தள்ளி இருக்கட்டும்.

மூடாக்கைப் பற்றி நம்ம ஆட்கள் வெளிப்படையாகப் பேசுவதில்லை. தழை மூடாக்கு மண்ணைக் குளிர்ச்சியாக வைக்கிறது, மறைவு தருகிறது, எலியும் தவளையும் சேர்கின்றன. பாம்பு கேட்கிற எல்லாம் அங்கே இருக்கிறது, முக்கியமாகக் கண்ணாடி விரியனுக்கு. அசையாமல் கிடந்தால் சருகுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. அதற்காக மூடாக்கை விட வேண்டியதில்லை. நடக்கிற பாதையில் மட்டும் ரெண்டடி அகலத்துக்கு மூடாக்கு போடாமல் வெறும் மண்ணாக விடுங்க. மூடாக்குக்குள் கை விடும் முன்னால் குச்சியால் தட்டுங்க, காலில் கணுக்காலை மறைக்கிற பூட்ஸ் போடுங்க. ராகிக் கதிர் அறுக்கும்போதும் குனிகிற கைக்கு முன்னால் குச்சி போகட்டும். ராத்திரி டார்ச் இல்லாமல் வாய்க்காலுக்குப் போகாதீங்க.

கட்டுவிரியன் மட்டும் வேறு ரகம். ராத்திரியில் வீட்டுக்குள்ளேயே வரும். தரையில் படுத்திருக்கிறவர் தூக்கத்தில் புரண்டு அதன் மேல் கை போட்டால் கடித்துவிடும். வலியே தெரியாது, வீக்கமும் இருக்காது. விடியற்காலை வயிற்றுவலி, கண் இமை தூக்க முடியாமை என்று வந்தால் சந்தேகப்பட வேண்டும். கட்டிலில் படுத்து, கொசுவலையைப் பாய்க்கு அடியில் சொருகிக்கொண்டால் இந்தக் கடி பெரும்பாலும் நடக்காது.

பிடித்துத் தூரத்துக் காட்டில் விட்டுவிடலாம் என்று தீயணைப்புத் துறைக்குப் போன் பண்ணுகிறோம். வீட்டுக்குள் புகுந்ததற்கு அது சரி, அடிப்பதைவிட எவ்வளவோ மேல். வரப்பில் போகிற சாரைக்கு அது வேண்டாம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் விரியன்களை வேற்றிடத்தில் விட்டுப் பின்தொடர்ந்து பார்த்ததில், ஊர் தெரியாமல் அலைந்து அலைந்து, உள்ளூர்ப் பாம்புகளைவிட அதிகம் செத்தன. இடத்தை விரும்பும், இடத்தை நினைவில் வைத்திருக்கும் என்று சொன்னேனே, அதன் மறுபக்கம் இது.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் கடி நடக்கும். இந்தியாவில் 2000-லிருந்து 2019 வரை பாம்புக்கடியால் 12 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று 2020-ல் ஒரு ஆய்வு கணக்கிட்டது. வருடத்துக்குச் சராசரியாக 58,000 பேர், பெரும்பாலும் நம்மைப் போல் கிராமத்து ஆட்கள். 2030-க்குள் இதைப் பாதியாக்க மத்திய அரசு 2024 மார்ச்சில் திட்டம் வெளியிட்டது. அதே வருடம் நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் பதிவுசெய்ய வேண்டிய நோயாக அறிவித்தது. கடிபட்டால் இறுக்கிக் கட்டாதீங்க, கீறாதீங்க, உறிஞ்சாதீங்க. மோதிரம், மெட்டி, கொலுசைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, 108-ஐக் கூப்பிட்டு நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்க. பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுபோக வேண்டாம், அதிலேயே ரெண்டாவது ஆளும் கடிபடுவார். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை நாலுக்கும் ஒரே மாற்று மருந்துதான். இருளர்கள் பானையிலிருந்து எடுத்த விஷத்திலிருந்து செய்தது அது.

கடைசியாக ஒன்று. தக்காளிக்கும் கீரைக்கும் முயல், மயில் வராமல் இருக்க நைலான் மீன்வலையைத் தரையோடு கட்டுகிறோம். சாரை அதில் தலையை நுழைத்து, செதில் மாட்டி, முன்னும் போக முடியாமல் பின்னும் வர முடியாமல் வெயிலில் ஒரு பகல் முழுக்கத் துடித்துச் சாகும். வலையைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கிக் கட்டி, அடியில் முள் வைத்தால் முயலும் வராது. மாட்டின பாம்பைக் கண்டால், எந்தப் பாம்பு என்று நிச்சயமாகத் தெரியாதவரை நீங்கள் கத்தரிக்கோலோடு போகாதீங்க. மேலே ஈரச் சாக்கைப் போட்டு நிழல் பண்ணிவிட்டு, வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ சொல்லுங்க.